அத்தியாயம் 6: கிட்டாருக்குப் பாட்டில் ஓர் இடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு தெருவில் இருந்து உள்ளே நீண்டுகொண்டே போகும். திண்ணை, தறி ஓடும் கூடம், முற்றம், கடைசியில் பழைய நூல்கட்டைகள் அடுக்கியிருந்த ஒரு சின்ன அறை. அந்த அறையில்தான் முதன்முதலாக எலெக்ட்ரிக் கிட்டாரைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். இரண்டு நாள் திருகித் திருகி ஒரு டோனைப் பிடித்தேன். அடிவயிற்றில் இடிக்கும் பேஸ், பளபளக்கும் ட்ரெபிள், கை நிறைய டிஸ்டார்ஷன். தனியாகக் கேட்டபோது அறையே நிரம்பி வழிந்தது. பிறகு ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், பாடகரின் குரல் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினேன். கிட்டாரைக் காணோம். கூட்டினால் குரல் மூழ்கியது. குறைத்தால் பின்னால் எங்கோ இரைச்சல் ஓடியது, அவ்வளவுதான்.

கிட்டாரைத் தனியாகக் கேட்டே எல்லா முடிவையும் எடுத்துவிட்டேன். அதுதான் தவறு. நல்ல டோன் பாட்டுக்குள் இருக்கிறது. பாட்டுக்கு வெளியே அதைத் தேடினால் கிடைக்காது. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா அளவுகளையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் தரும் எண்கள் தொடங்கும் இடங்கள். பாட்டு ஓடும்போது காது என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

வீட்டில் பதிவு செய்வதை ஏதோ ஏழைக்கு ஏற்பட்ட வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற சின்ன ஸ்டூடியோவில்தான் 1992இல் வந்த ரோஜாவின் பாடல்கள் உருவாயின. அன்று அவருக்குத் தேவைப்பட்ட கருவிகளின் விலையோடு ஒப்பிட்டால் இன்று ஒரு லேப்டாப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. பொறுமைக்கு மட்டும் விலை குறையவில்லை.

முதலில் ஹம்மை விரட்டுங்கள்

கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். காந்தத்தின் மேல் எஃகுக் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதே சுருள் சுவருக்குள் ஓடும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வையும் பிடித்துக்கொள்ளும். 100, 150 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இந்த ஹம் அதிகம். இதைத் தீர்க்கத்தான் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கரை வடிவமைத்தார். வெளியே இருந்து வரும் ஹம் இரண்டிலும் எதிர்த் திசையில் பிறந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கம்பியின் ஒலி மட்டும் மிஞ்சுகிறது.

உங்களிடம் ஒற்றைச் சுருள் கிட்டார் இருந்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கம்பிகளைக் கையால் மூடி, நாற்காலியோடு மெதுவாகச் சுற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று தணியும். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, பதிவு முழுக்க அப்படியே உட்காருங்கள். அடுத்தது மின்விசிறி. வழவழவென்று சுழலும் குமிழ் கொண்ட எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையை நடுவில் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு பிக்கப்பில் கரகரவென்று கேட்கும். டேக் எடுக்கும் நாலு நிமிடம் விசிறியை அணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் கஷ்டம்தான். ஆனாலும் அந்தக் கரகரப்பைப் பிறகு மிக்ஸில் எடுக்க முயல்வது அதைவிடக் கஷ்டம். மலிவான எல்இடி பல்புகளும் இதே வேலையைச் செய்யும், அவற்றையும் அணைத்துப் பாருங்கள்.

பவர்கட் வந்தால் கிட்டாரைக் கீழே வைக்காதீர்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, இன்டர்ஃபேஸ் அதன் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது, தெரு முழுக்க வயர்களில் மின்சாரம் இல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் அவ்வளவு அமைதியாக வேறு எப்போதும் இருக்காது. என் பழைய பதிவுகளில் சுத்தமானவை சில அப்படிக் கிடைத்தவைதான். வீட்டில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால் மட்டும் அதை அணைத்துவிட வேண்டும். அது சாதாரண மின்சாரத்தைவிட மோசமாக இரையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். எர்த் பின்னை உடைத்தாலோ இரண்டு பின் அடாப்டர் மாட்டினாலோ ஹம் குறைவதுண்டு. அதை ஒருநாளும் செய்யாதீர்கள். ஆம்ப்பில் கோளாறு வந்தால் மின்சாரம் கிட்டார் கம்பிவரை வரும். கை கம்பியில் இருக்க உதடு மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக்பாயின்ட் இருந்தும் உள்ளே எர்த் வயரே இருக்காது. கருவி வாங்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கை, கம்பி, பிக்

ஆயிரக்கணக்கில் செலவழித்து பிளகின் வாங்குபவர்கள், துருவேறிய கம்பியை மாற்ற மனம் வராமல் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்துப் புழுக்கத்தில் வியர்வை பட்ட கம்பி சில வாரங்களிலேயே மங்கிவிடும். மங்கிய கம்பியில் இல்லாத பிரகாசத்தை எந்த ஈக்யூவாலும் உண்டாக்க முடியாது. பதிவுக்கு முந்தைய நாள் புதுக் கம்பி மாட்டி, நன்றாக இழுத்து நீவி, இரவு முழுக்க நிலைகொள்ள விடுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடையுங்கள். பட்டு நூலைத் தொடும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளும் பழக்கம் நெய்கிறவர்கள் வீட்டில் உண்டு. கிட்டார் கம்பியைத் தொடும் முன்னும் அதுவே நல்லது.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ட்யூனரில் பாருங்கள். இல்லையென்றால் பிரிட்ஜில் சரிசெய்ய வேண்டும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பார்க்கும்போது தடித்த கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். இன்னும் நெருக்கினால் சத்தம் கூடும், ஆனால் காந்தம் கம்பியை இழுத்து சுரத்தைத் தள்ளாட வைக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் மறுபடி ட்யூன் செய்யுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும்.

பிக் பற்றி ஒரே வார்த்தை: மெல்லிய பிக் ரிதமுக்கு, தடித்த பிக் லீடுக்கு. கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழைப் பலர் மறந்தே போகிறார்கள். அதைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால் டிஸ்டார்ஷன் தணிந்து, கம்பியின் நுணுக்கம் தெரியும். பாட்டில் சரணத்துக்கு ஏழு, பல்லவிக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். பிளகின் மாற்றாமலே பாட்டு மூச்சு விடும்.

கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி

இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட அல்லது இன்ஸ்ட்ருமென்ட் என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தாமல் பதிவு செய்தால் டோன் போர்வை போர்த்தியதுபோல் மழுங்கும். பிக்கப்பின் மின்சாரம் மிகப் பலவீனமானது, சுமார் 10 லட்சம் ஓம் தடையுள்ள உள்ளீட்டைப் பார்த்தால்தான் அதன் ட்ரெபிள் பிழைக்கும். கேபிள் நீளமும் ட்ரெபிளைத் தின்னும். வீட்டுக்கு 3 மீட்டர் போதும்.

அளவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டிலேயே பலமாக அடிக்கும் இடத்தை வாசித்து, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினை வையுங்கள். சிவப்பு விளக்கு ஒருதரம்கூட எரியக் கூடாது. 24 பிட்டில் குறைவாகப் பதிவானதால் ஒன்றும் கெடாது. அதிகமாகப் பதிவானால் திருத்த வழியே இல்லை.

வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையே தாமதம் தெரிகிறது என்பது எல்லாரும் சொல்லும் குறை. பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்கினால் 48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லிசெகண்டுக்கும் குறைவு. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இரண்டு மடங்கு, இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் கொஞ்சம் கூட. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மேடையில் ஆம்ப்புக்கு 3 மீட்டர் தள்ளி நிற்கும் கிட்டாரிஸ்ட் 9 மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் வாசிக்கிறார். ஆகவே 10க்குள் இருந்தால் நிம்மதியாக வாசியுங்கள்.

எது செய்தாலும், கிட்டாரிலிருந்து நேராக வரும், பிளகின் எதுவும் சேராத சுத்தமான டி.ஐ. (டைரக்ட் இன்புட்) ட்ராக்கைக் கட்டாயம் பதிவு செய்து வையுங்கள். ஆம்ப்பை மைக் வைத்துப் பதிவு செய்தாலும் டி.ஐ. பாக்ஸ் வழியே பிரித்து அதையும் பதியுங்கள். ஆறு மாதம் கழித்து டோன் பிடிக்காமல் போனால் வாசிப்பைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

ஆம்ப் இல்லாத வீட்டில்

நெருக்கிக் கட்டிய தெருவில், பக்கத்துச் சுவருக்கு அப்பால் குழந்தை தூங்கும் வீட்டில், ஆம்ப்பைச் சத்தமாக வைக்க வழியில்லை. பெரும்பாலோர் ஆம்ப் சிமுலேட்டர்தான் பயன்படுத்துவீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும்.

டிஸ்டார்ஷனை நேராக ஹெட்ஃபோனில் கேட்டால் தேனீக்கூடு கலைந்ததுபோல் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் ஹை-ஃபை ஸ்பீக்கர் மாதிரி எல்லாவற்றையும் பாடாது. சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அது விறுவிறுவென்று சரிந்துவிடும். நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகிய கிட்டார் ஒலி என்பது டிஸ்டார்ஷன் அந்தக் காகிதக் கூம்பில் வடிகட்டி வந்த ஒலி. அந்த வடிகட்டலைக் கம்ப்யூட்டரில் செய்யும் கோப்புதான் ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு ஸ்பீக்கர் பெட்டியும், அதன் முன் வைத்த ஒரு மைக்கும், அது வைத்த இடமும் ஒரு நொடிக்கும் குறைவான அந்தக் கோப்பில் அடங்கியிருக்கும்.

என் அனுபவத்தில் டோனின் பெரும்பகுதி ஐ.ஆரில்தான் தீர்மானமாகிறது. ஆம்ப்பின் குமிழ்களைத் திருகி ஒருமணி நேரத்தில் கிடைக்காதது ஐ.ஆரை மாற்றியதும் கிடைத்துவிடும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளகின் இலவசம். உண்மையான ஆம்ப்களிலிருந்து பலர் பிடித்துத் தந்த மாதிரிகளை அதில் ஏற்றிக்கொள்ளலாம். அதோடு பத்துப் பன்னிரண்டு நல்ல ஐ.ஆர். இருந்தால் போதும். நூறு இருந்தால் தேர்ந்தெடுக்கவே பொழுது போய்விடும்.

தேர்ந்தெடுக்கும் முறைதான் முக்கியம். பாட்டை முழுதாக ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஐ.ஆராக மாற்றுங்கள். மாற்றும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது எப்போதும் 'நன்றாக இருக்கிறது' என்றே சொல்லும். பாட்டின் வரிகள் எந்த ஐ.ஆரில் தெளிவாகக் கேட்கின்றனவோ அதை எடுங்கள். ஆமாம், கிட்டாரின் ஐ.ஆரைக் குரலைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஸ்டார்ஷன் கெயினை உங்கள் கை விரும்பும் அளவைவிட ஒரு கால்பங்கு குறையுங்கள். நிறைய கெயின் வாசிக்கும்போது இனிக்கும், விரலுக்குச் சுலபம். பதிவில் அதுவே அடியின் கூர்மையை அரைத்து மாவாக்கிவிடும். கனமான ரிதமுக்கு ஆம்ப் முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை வைத்து, அதன் ட்ரைவைப் பூஜ்யத்திலும் லெவலை உயரத்திலும் வைத்துப் பாருங்கள். அந்தப் பெடல் அடி ஒலியைக் குறைத்து, 700 ஹெர்ட்ஸ் பக்கத்து நடு ஒலியைத் தூக்கி ஆம்ப்புக்குள் அனுப்பும். தொளதொளத்த பேஸ் இறுகிவிடும்.

ஆம்ப்பும் மைக்கும் இருந்தால்

சின்ன 10 வாட் ஆம்ப்பே போதும். சிமென்ட் தரையில் வைக்காமல் முக்காலி மேல் வையுங்கள். தரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மோதிச் சில சுரங்களை விழுங்கும். ஷூர் எஸ்.எம். 57 என்ற மைக் 1965இல் வந்தது, கிட்டார் ஆம்ப் என்றால் இன்றும் பல ஸ்டூடியோக்களில் முதலில் கை போவது அதற்குத்தான். அதுவோ அதே வகை டைனமிக் மைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃபோன் டார்ச்சை ஆம்ப்பின் துணிமேல் அடித்தால் உள்ளே ஸ்பீக்கர் தெரியும். நடுவில் ஒரு வட்ட மூடி, சுற்றிலும் கூம்பு. மைக்கின் முனையைத் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, மூடியும் கூம்பும் சேரும் விளிம்புக்கு நேராக வையுங்கள். மூடியின் நடுவுக்குப் போனால் கூர்மை கூடும், கூம்பின் ஓரத்துக்குப் போனால் ஒலி தணிந்து கனக்கும். ஒரு விரற்கடை நகர்த்தினாலே டோன் மாறும். ஈக்யூவைத் தொடும் முன் மைக்கை நகர்த்துங்கள்.

இரண்டாவது மைக் வைக்க ஆசை வரும். முதல் மைக்கைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் ஒலி அதற்கு 1 மில்லிசெகண்ட் தாமதமாகப் போகும். இரண்டையும் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. ஒரு மைக்கை ஒழுங்காக வைத்தாலே போதும் என்பது என் முடிவு.

அறையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: சுவரில் பட்டுச் சேலைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி போகுமா? போகாது. மெல்லிய துணி மிக உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். கனம் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டை ஆம்ப்புக்குப் பின்னும் பக்கத்திலும் சாய்த்து வையுங்கள். மைக் துணிக்கு இரண்டு விரல் தள்ளி இருக்கும்போது அறையின் பங்கு எப்படியும் கொஞ்சம்தான்.

பெரிய தொல்லை வெளிச்சத்தம். எங்கள் தெருவில் குழித்தறியின் பலகை அடிக்கும் சத்தம் காலையிலிருந்து ஓடும், ஜக்கார்டின் சடசடப்பு அதற்கு மேல். அது சோறு போடும் சத்தம். நாம்தான் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும், தறி நின்றபின் வரும் முன்னிரவையும் எடுத்துக்கொள்கிறேன். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவம் என்று சுவாமி புறப்பாடு நடக்கும் நாட்களில் மைக்கை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, டி.ஐ. ட்ராக் மட்டும் பதிவு செய்யலாம். பிக்கப்புக்குக் காது கிடையாது, தவில் சத்தம் அதில் ஏறாது.

கமகம் வாசிப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் விரிவாக எழுதக் காரணம், கிட்டார் டோன் பற்றிய கையேடுகளில் இது அநேகமாக இருப்பதில்லை. நம் பிள்ளைகளோ கிட்டாரை எடுத்ததும் ஒரு ராகத்தைத்தான் முயல்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுமையாக வாசித்துக் காட்டினார், ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் ஆல்பமும் செய்தார். அவருக்கு முன்பே உ. ஸ்ரீனிவாஸ் இரட்டைக் கம்பி மாண்டலினை விட்டுவிட்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். காரணம் நேரானது. கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டு விரலை ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போகும்போது ஒலி நடுவழியில் செத்துவிடக் கூடாது. பிக்கப்பும் ஆம்ப்பும் அந்த ஆயுளைத் தருகின்றன.

ஆகவே கமகத்துக்கான டோனில் முதல் கேள்வி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான். கழுத்துப் பக்கத்துப் பிக்கப், டோன் குமிழ் பாதி, ஆம்ப்பில் கரகரப்பு தொடங்கும் முன் நிற்கும் அளவு கெயின், அதற்கு முன்னால் 4க்கு 1 விகிதத்தில் ஒரு கம்ப்ரஷர். கம்ப்ரஷரின் அட்டாக் 20 மில்லிசெகண்ட் பக்கம் இருந்தால் மீட்டின் முனை பிழைக்கும், பின்னால் வரும் இழைப்பு தூக்கி நிறுத்தப்படும்.

இரண்டாவது, டிலே. சாதாரண ராக் லீடில் அழகாக இருக்கும் டிலே கமகத்தைக் குழப்பிவிடும். விரல் புதிய சுரத்துக்குப் போய்விட்டது, எதிரொலி பழைய இடத்தையும் போகும் வழியையும் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காம்போதியில் ஓர் இழுப்புக்கு நீங்கள் கொடுத்த அழகெல்லாம் கலங்கிப்போகும். சின்ன அறை ரிவெர்ப் ஒன்று போதும். டிலே வேண்டுமென்றே தோன்றினால், வாசிக்கும்போது தானாகத் தணிந்து, நிறுத்தியதும் எழும் வகை டிலேயைப் போடுங்கள்.

மூன்றாவது டிஸ்டார்ஷன். இரண்டு சுரங்கள் டிஸ்டார்ஷனுக்குள் சேர்ந்து போனால் அவற்றின் வித்தியாசமும் புதிய சுரமாக வெளியே வரும். ச, ப இரண்டும் சேர்ந்தால் பிறப்பது கீழ் ஸ்தாயி ச. 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் சேர்ந்து 55ஐத் தரும். ராக் கிட்டாரிஸ்டுகள் பவர் கார்ட் என்று ச, ப மட்டும் பிடித்து வாசிப்பது அதனால்தான் அவ்வளவு கனமாக ஒலிக்கிறது. அதில் காந்தாரத்தைச் சேர்த்தால் ஃப்ரெட்டின் காந்தாரம் சுத்த காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்தே இருப்பதால், பிறக்கும் சுரம் ஒட்டாமல் உரசும். டிஸ்டார்ஷனில் கமகம் வாசிக்க வேண்டுமானால் ஒரே கம்பியில் ஒரே சுரமாக வாசியுங்கள், மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிவிடுங்கள்.

பாடகரின் ஸ்ருதிக்கு ஏற்பக் கிட்டாரை ட்யூன் செய்வது வழக்கம். ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி. நாதஸ்வரத்தோடு பதிவு செய்தால் முதலில் வாசிப்பவரை ஆதார சட்ஜமத்தை நீட்டி வாசிக்கச் சொல்லி, ட்யூனரின் 440ஐ அவருடைய வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சீவாளி வாத்தியத்தை நமக்கு ஏற்ப மாற்றச் சொல்வது மரியாதையும் இல்லை, நடைமுறைக்கும் ஒத்துவராது.

இரண்டு தரம் வாசியுங்கள்

ரிதம் கிட்டார் அகலமாகக் கேட்க வேண்டுமானால் அதே பகுதியை இரண்டு தரம் வாசித்து, ஒன்றை முழு இடது பக்கமும் மற்றதை முழு வலது பக்கமும் வையுங்கள். ஒரே ட்ராக்கை நகலெடுத்து சற்று நகர்த்திவைப்பது பலர் எடுக்கும் குறுக்குவழி. மோனோவில் கேட்டால் சீப்பின் பற்கள்போல் இடையிடையே ஒலி வெட்டுப்பட்டுப் பொந்தாகிவிடும். பெரும்பாலோர் உங்கள் பாட்டை செல்ஃபோன் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள். இரண்டாம் தடவை வேறு பிக்கப்போ வேறு ஐ.ஆரோ போட்டால் அகலம் இன்னும் கூடும். இரண்டு தடவைக்கும் இடையே உள்ள சின்னச் சின்ன வேறுபாடுதான் அந்த அகலத்தைத் தருகிறது. ஆனால் அடி தவறக் கூடாது. கெயினைக் குறைக்கச் சொன்னதன் பலன் இங்கேதான் தெரியும், இரண்டு கிட்டார் சேரும்போது கனம் தானாக வந்துவிடும்.

மிக்ஸ்: கரையும் உடலும்

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஆளுக்கொரு நாடா, ஆக மூன்று. கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். உடலின் ஊடை கரைக்குள் போகாது, கரையின் ஊடை உடலுக்குள் வராது. சந்திக்கும் கோட்டில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புகின்றன. மிக்ஸ் செய்ய உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வரும்.

கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கிட்டாரில் இருப்பது ஹம்மும் கை உரசலும்தான். ஹை-பாஸ் ஃபில்டரை 80இல் தொடங்கி, பாட்டு ஓட ஓட மேலே நகர்த்துங்கள். கிட்டார் மெலிகிறது என்று தோன்றும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். பேஸ் கிட்டாரும் கிக் ட்ரம்மும் இருக்கும் பாட்டில் அது 100, 120 வரைகூடப் போகும். தனியாகக் கேட்டால் மெலிந்துதான் இருக்கும். சோலோ பொத்தானை விட்டுக் கையை எடுங்கள். பேஸ் கிட்டார் சேர்ந்ததும் அந்த அடி ஒலியைக் காது கிட்டாருடையது என்றே எடுத்துக்கொள்ளும். தவில் இருக்கும் பாட்டில் அதன் தொப்பிப் பக்கத்துக்கும் இதே மரியாதை தேவை.

200 முதல் 400 வரை ஒரு சேறு தேங்கும். இரண்டு மூன்று டெசிபல் அகலமாகக் குறைத்துப் பாருங்கள், அதற்கு மேல் வெட்டினால் கிட்டாரின் உடம்பு போய்விடும். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் ஊசிபோல் ஒரு சீழ்க்கை இருக்கலாம், குறுகிய வெட்டு ஒன்று போதும். மேலே 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸில் லோ-பாஸ் போட்டால் இரைச்சல் மறைந்து சிம்பலுக்கு இடம் கிடைக்கும்.

சிக்கலான கோடு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ். கிட்டாரின் கடியும் அங்கே, பாடகரின் சொல் தெளிவும் அங்கே, நாதஸ்வரத்தின் கூர்மையும் அங்கே. தமிழில் வல்லினம் தெளியாவிட்டால் பாட்டின் பொருளே போய்விடும். குரல் வரும்போது மட்டும் கிட்டாரின் அந்தப் பகுதி இரண்டு டெசிபல் தணியும்படி டைனமிக் ஈக்யூ போடலாம். அதைவிட நல்ல வழி, ஃபேடரைக் கையால் ஏற்றி இறக்கி எழுதுவது: சொல் இருக்கும் இடத்தில் கிட்டார் ஒதுங்கட்டும், வரி முடிந்த இடைவெளியில் முன்னே வரட்டும். எனக்கு இன்றுவரை அதுதான் திருப்தி தருகிறது.

டிஸ்டார்ஷன் கிட்டாருக்குக் கம்ப்ரஷர் அநேகமாகத் தேவையில்லை, டிஸ்டார்ஷனே அதைச் செய்துவிட்டது. சுத்தமான கிட்டாருக்கு 3க்கு 1 போதும். டிலேயின் நேரத்தைக் கணக்கிட 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 96 அடி என்றால் ஓர் அடி 625 மில்லிசெகண்ட், அதில் முக்கால் பங்கு 469. அந்த முக்கால் பங்கு டிலே அடிகளுக்கு இடையே விழுவதால் வாசிப்பை மறைக்காது. ரிவெர்பைத் தனி சென்டில் வைத்து, அதிலும் 200க்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

மிக்ஸை மெதுவான சத்தத்தில் கேளுங்கள். சமையலறையில் நின்று, கூடத்தில் ஓடுவதைக் கேளுங்கள். செல்ஃபோனில் கேளுங்கள். நீங்கள் மதிக்கும் ஒரு பாட்டை அதே அளவு சத்தத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் எடுத்த எந்த முடிவையும் காலையில் மறுபடி பார்க்காமல் அனுப்பாதீர்கள், களைத்த காது ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போகும்.

முடித்ததும் டி.ஐ. ட்ராக்குகளை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே நீளமாக ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரிலேயே பாட்டு, தேதி, கட்டை, வேகம் நான்கையும் எழுதி, வேறொரு டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள். எந்த ஐ.ஆர்., எந்தப் பிக்கப், வால்யூம் குமிழ் எத்தனையில் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அத்தியாயத்தில் பேஸ் கிட்டாரைப் பதிவு செய்யும்போது இதே பாட்டை, இதே டி.ஐ. ட்ராக்கை மறுபடி திறப்போம்.